பிஸ்டன் எந்தப் பக்கம் போகிறது?

தமிழ்ப்பள்ளியில் வெறும் வேகம். இடைநிலைப்பள்ளியில் மலாயில் ஹலாஜு. ஈப்போவில் டிப்ளோமா சேர்ந்ததும் வெலாசிட்டி. பெயர் மாறியதையெல்லாம் சமாளித்துவிட்டேன். அதைப் படமாக வரையச் சொன்னபோதுதான் மாட்டிக்கொண்டேன்.

கணக்கு இதுதான். சுழலும் கையான கிராங்க் 100 மி.மீ., அதன் முனையைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடு 400 மி.மீ., கிராங்குக்கு நிமிடத்துக்கு 300 சுற்று, இடஞ்சுழி. சிலிண்டருக்குள் முன்னும் பின்னும் போகும் பிஸ்டன் வலப்பக்கம் படுக்கையாக ஓடுகிறது. டாப் டெட் சென்டரை, அதாவது பிஸ்டன் கிராங்கிலிருந்து மிகத் தள்ளி நிற்கும் உச்சியைத் தாண்டி கிராங்க் 60 டிகிரி திரும்பிய நொடியில் பிஸ்டனின் வேகம் என்ன?

முதல் பாதி சுலபம். 300 சுற்று என்றால் வினாடிக்கு 31.42 ரேடியன் (கோணத்தின் அளவு), அதை 0.1 மீட்டரால் பெருக்கினால் கிராங்க் முனையின் வேகம் 3.14 மீ/வி. ஒரு மீ/விக்கு 40 மி.மீ. என்று அளவு வைத்து, கிராங்குக்குச் செங்குத்தாக 126 மி.மீ. கோடு போட்டேன். தொடங்கிய புள்ளி ஓ, முடிந்த புள்ளி ஏ. பிஸ்டன் படுக்கையாகத்தான் போக முடியும் என்பதால் ஓ வழியாக ஒரு படுக்கைக் கோடு. ஏ-யிலிருந்து கிளம்பும் இன்னொரு கோடு அதை வெட்டும் இடம் ஓ-விலிருந்து எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் என்பதுதான் விடை. அந்த இன்னொரு கோட்டை ராடு படுத்திருக்கும் சாய்விலேயே, அதற்கு இணையாக இழுத்தேன். ராடுதானே இரண்டையும் இணைக்கிறது என்ற நினைப்பு. விடை 4.4 மீ/வி வந்தது. அழகாக இரட்டைக் கோடு போட்டு முடித்தும் விட்டேன்.

சனிக்கிழமை சுங்கை சிப்புட்டுக்கு வந்தால் மாமாவின் மோட்டார் பட்டறையில்தான் இருப்பேன். எஸ்டேட்டுக்குள் ஓடும் கப்சாய் என்னும் சின்ன மோட்டார் சைக்கிள்களுக்கு அங்கே எப்போதும் வேலை உண்டு. அன்று ஒரு ஹோண்டா இ.எக்ஸ் 5 கப்சாயின் ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கும் சிலிண்டர் மூடியைக் கழற்றி வைத்திருந்தார். அந்த இஞ்சினில் சிலிண்டர் ஏறக்குறைய படுத்தே இருக்கும், என் படத்தைப் போலவே. ஸ்பேனரைப் போட்டு, கிராங்கோடு சேர்ந்து சுழலும் மேக்னட்டை மெல்லத் திருப்பச் சொன்னார். பிஸ்டன் உச்சிக்கு வந்து நின்றது. இன்னும் கொஞ்சம் திருப்பியதும் கரி படிந்த அதன் தலை உள்ளே இறங்கியது.

என் படத்தில் அது வெளியே அல்லவா போகிறது?

நோட்டை எடுத்துக் காட்டினேன். மாமாவுக்குக் கோடுகள் புரியவில்லை, அம்புக்குறி புரிந்தது. "உச்சியைத் தாண்டியும் வெளியே வருதுன்னா, வால்வு என்னடா ஆகும்?" என்று கேட்டுவிட்டு கேஸ்கெட்டைச் சுரண்டப் போய்விட்டார்.

ராத்திரி உட்கார்ந்து யோசித்தபோதுதான் பிடிபட்டது. ராடு இரும்பு, நீளாது, சுருங்காது. அப்படியானால் அதன் ஒரு முனையிலிருந்து பார்க்கும்போது மறுமுனை கிட்டே வரவும் முடியாது, தள்ளிப் போகவும் முடியாது. பக்கவாட்டில் மட்டுமே நகர முடியும். ஆகவே ஏ-யிலிருந்து போகும் கோடு ராடுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். நான் இழுத்த கோடு, ராடு ரப்பர்போல நீள்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது! லெக்சரர் இதை முதல் வகுப்பிலேயே சொல்லியிருப்பார், நான்தான் ஃபார்முலாவை மட்டும் எழுதிக்கொண்டிருந்திருப்பேன்.

திரும்ப வரைந்தேன். புதிய கோடு இடப்பக்கம் சாய்ந்து இறங்கி, படுக்கைக் கோட்டை ஓ-விலிருந்து 123 மி.மீ. தள்ளி வெட்டியது. 3.07 மீ/வி, கிராங்கை நோக்கி. ஏ-யிலிருந்து இறங்கிய அந்தச் சின்னக் கோட்டின் நீளம் 64 மி.மீ., அதாவது 1.61 மீ/வி, 0.4-ஆல் வகுத்தால் ராடு சுழலும் வேகம் வினாடிக்கு 4.02 ரேடியன். ஒரே முக்கோணத்தில் இரண்டு விடை.

அதன் பிறகு சும்மா இருக்க முடியவில்லை. 90 டிகிரியில் வரைந்தால் முக்கோணமே இல்லை: கிராங்க் முனைக்கும் பிஸ்டனுக்கும் ஒரே வேகம், அந்த நொடியில் ராடு சுழல்வதே கிடையாது. சரி, பிஸ்டனின் உச்ச வேகம் அங்கேதான் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. இந்த அளவுகளுக்கு அது 77 டிகிரி அருகிலேயே, சுமார் 3.24 மீ/வி என்று வந்துவிடுகிறது.

சோதனையில் 120 டிகிரிக்குக் கேட்டார்கள். பென்சிலை எடுக்கும் முன் பிஸ்டன் போகும் பக்கத்தை ஓரமாக அம்புக்குறி போட்டு வைத்துக்கொண்டேன். விடை சரி. எந்த அளவில் வரைந்தேன் என்று எழுத மறந்ததற்கு ஒரு மார்க் போனது.