பால்வினைத் தொற்று டெஸ்டுகள்: டிஎம்எல்டி (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) வைவாவுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு

மைக்ரோபயாலஜியில் இந்தப் பாடம் வந்தாலே நம் பிள்ளைகள் பலர் கூச்சத்தில் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். செய்யாதீர்கள். வைவா என்ற வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் தோண்டும் இடம் இதுதான். தங்கச்சிமடம் என்று ஊரைச் சொன்னதுமே என்னிடம் கேட்டார்: "மண்டபத்துல ஒரு மீனவருக்கு வெட்டை நோய் சந்தேகம். கல்ச்சருக்கு ஸ்வாப் எடுத்து ராமநாதபுரம் அனுப்பணும். எப்படி அனுப்புவ?"

கடற்கரைக்காரர்களுக்கு எதையும் மீன் மாதிரி ஐஸில் போட்டு அனுப்பத்தான் தோன்றும். வெட்டை நோய்க் கிருமியான கோனோகாக்கஸ் குளிரிலும் சாகும், காய்ந்தாலும் சாகும். எடுத்த இடத்திலேயே தேயர்-மார்ட்டின் பிளேட்டில் (இந்தக் கிருமியை வளர்க்கும் அகார் தட்டில்) தடவி மெழுகுவர்த்தி ஜாரில் வைப்பது உத்தமம். முடியாவிட்டால் கரி கலந்த ஏமிஸ் மீடியத்தில் (கிருமியை உயிரோடு கொண்டுபோகும் ஊடகத்தில்), ஐஸ் இல்லாமல், அன்றைக்கே லேபுக்குச் சேர்க்க வேண்டும். கிருமியின் மரபுப் பொருளைத் தேடும் பிசிஆர் வகை டெஸ்டுக்கு உயிருள்ள கிருமி தேவையில்லை. அங்கே கிட்டோடு வரும் தாள் சொல்வதுதான் சட்டம். ஆகவே "சாம்பிளை எப்படி வைப்பாய்" என்று கேட்டால், "எந்த டெஸ்டுக்கு சார்?" என்று கேட்டுவிட்டே பதில் சொல்லுங்கள்.

யூரினும் அப்படித்தான். வழக்கமான யூரின் கல்ச்சருக்கு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்லிப் பழகிவிட்டோம். இங்கே, பிசிஆர் வகை டெஸ்டுக்கு, முதலில் வரும் 20 முதல் 30 மில்லிதான் வேண்டும். யூரித்ராவில் ஒட்டியிருக்கும் கிருமியை அந்த முதல் ஓட்டம்தான் கழுவிக்கொண்டு வரும். டப்பா நிறையப் பிடித்தால் நீர்த்துப்போகும். டப்பாவைக் கொடுக்கும் முன், "அண்ணே, கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனீங்க?" என்று தணிந்த குரலில் கேளுங்கள். ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

கோனோகாக்கஸ் ஆக்ஸிடேஸ் பாசிட்டிவ், அதனால் குளுக்கோஸ் மட்டும் புளிக்கும், மால்டோஸ் புளிக்காது. இதெல்லாம் எந்த கைடிலும் கிடைக்கும். கைடு அழுத்திச் சொல்லாதது ஒன்று: சீழ் வடியும் ஆணின் கிராம் ஸ்மியர் (சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ஸ்லைடு) 95 சதவீதத்துக்கு மேல் கண்டுபிடிக்கும், பெண்ணின் கருப்பைவாய் ஸ்மியரில் பாதி தப்பிவிடும். ஒரு அக்காவின் ஸ்லைடில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கிளமிடியா என்ற இன்னொரு பால்வினைக் கிருமி கிராம் ஸ்டெயினில் தெரியாது, அகாரிலும் வளராது, உயிரணுவுக்குள்தான் பிழைக்கும். மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல் சுவரே கிடையாது, அதனால் சாயமும் பிடிக்காது. சீழ் செல் நிறைய இருந்து டிப்ளோகாக்கை (ஜோடி ஜோடியாகத் தெரியும் கோனோகாக்கஸ்) இல்லாவிட்டால் இவற்றை நினைக்க வேண்டும். உறுதிசெய்ய பிசிஆர் போன்ற நியூக்ளிக் அமில டெஸ்ட்தான்.

நான் படித்த முறை எளிது. ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு பக்கம்: என்ன சாம்பிள், எப்படி வைப்பது, என்ன தெரியும், தெரியாவிட்டால் அடுத்து என்ன. கடைசிக் கேள்விக்குத்தான் அதிக நேரம் கொடுத்தேன், வைவாவும் அங்கேதான் சுற்றியது.

ரிப்போர்ட் எழுதச் சொன்னால் நோயின் பெயரை எழுதாதீர்கள். "பாலிமார்ஃப் (சீழ்) செல்களுக்குள் கிராம் நெகட்டிவ் டிப்ளோகாக்கை காணப்பட்டன" என்று கண்டதை எழுதுங்கள். டப்பாவில் பெயருக்குப் பதில் நம்பர் ஒட்டுவதையும் மறக்காமல் சொல்லுங்கள். பாம்பனிலும் தொண்டியிலும் லேபில் நிற்பவர் பெரும்பாலும் சொந்தக்காரராகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருப்பார்; பெயர் வெளியே போனால் அந்த மனிதர் மறுபடி சிகிச்சைக்கே வரமாட்டார்.