கோப்பைகள் மறையும் நேரம்: வில்பட்டி சூளையில் நான்கு நாள்

மொட்டை மாடியில் இருக்கும் என் சின்ன கேஸ் சூளையைப் போன தை மாதம் திறந்தபோது அழுகை வந்துவிட்டது. மேல்தட்டுக் கோப்பைகளின் கிளேஸ், அதாவது கண்ணாடி மாதிரியான மேல்பூச்சு, உருகி வழிந்து தட்டோடு ஒட்டியிருந்தது. உளி வைத்துத்தான் பெயர்த்து எடுத்தேன். அடித்தட்டில் இருந்தவையோ வேகவே இல்லை. தடவினால் உப்புத்தாளைத் தொடுவது போலச் சொரசொரப்பு. மீட்டர் காட்டியது மட்டும் ஒரே எண்: 1,280 டிகிரி. சூளையைக் கட்டிக் கொடுத்தவரிடம் போன் செய்து கேட்டால், "மீட்டர் சரியாத்தானே காட்டுது?" என்றார். இரண்டு மாத உழைப்பு அது.

கொடைக்கானல் பக்கம் வில்பட்டியில் ஓர் அக்கா பல வருடங்களாக ஸ்டோன்வேர், அதாவது அதிகச் சூட்டில் சுடும் கெட்டியான மண்பாண்டம், செய்துவருகிறார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "இதைப் போன்ல சொல்லிப் புரிய வைக்க முடியாது. மாசியில சூளை போடுறேன், வந்து கூடவே இரு" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். வத்தலக்குண்டில் டீ, அப்புறம் மலைப்பாதை. பெருமாள்மலை வரும்போதே ஜன்னலைச் சாத்த வேண்டியதாகிவிட்டது. கொடைக்கானலில் இறங்கி மினி பஸ் பிடித்தால் வில்பட்டி. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு விளையும் ஊர்களில் ஒன்று. சரிவு முழுக்கப் படிப்படியாகத் தோட்டம். அதற்கு மேலே, தகரக் கூரைக்கு அடியில், அக்காவின் சூளை.

தீச்செங்கல்லில் கட்டியது, உள்ளே சுமார் ஒரு கன மீட்டர். பக்கத்துக்கு இரண்டாக நான்கு பர்னர். தீ நேராக மேலே போய்த் தப்பித்துவிடாது. வளைந்த கூரையில் மோதி, பானைகளுக்கு ஊடே கீழே இறங்கி, தரையோடு இருக்கும் துவாரம் வழியாகப் புகைபோக்கிக்குப் போகும். புகைபோக்கியின் கழுத்தில் ஒரு கனத்த பலகை செருகியிருக்கிறது. அதுதான் டேம்பர். தீ எவ்வளவு நேரம் உள்ளே தங்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்தப் பலகைதான்.

அன்று பிற்பகல் முழுக்க அடுக்கும் வேலை. இதற்கு இவ்வளவு நேரமா என்று முதலில் தோன்றியது. என் வீட்டில் நான் இடம் மிச்சம் பிடிக்க அடியில் நெருக்கி அடுக்கிவிட்டு, மேலே மீதியைப் பரப்புவேன். அக்கா செய்தது நேர் தலைகீழ். அடித்தட்டில் உயரமான ஜாடிகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி. மேலே போகப் போகச் சின்னக் கோப்பைகள், ஒன்றுக்கொன்று ஒரு விரல்கடை மட்டும் விட்டு.

"மேல சூடு தானா வரும். கீழ வரணும்னா நாமதான் வழி விடணும். நீ வழியை அடைச்சு வச்சுட்டு கேஸைத் திறந்துவிட்டா அது எங்கம்மா போகும்?"

என் சூளையின் தப்பு பாதி அங்கேயே புரிந்துவிட்டது.

மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் கோன் வைத்தார். சுண்டுவிரல் நீளத்தில் கூர்மையான மண் கூம்புகள், ஒரு பட்டையில் மூன்று: 9, 10, 11. எண் கூடக் கூட, சாய அதிகச் சூடு வேண்டும். கொஞ்சம் சாய்வாகக் குத்தி வைத்திருக்கும். அந்தந்த அளவு வெந்ததும் நுனி வளைந்து கீழே தொடும். 1886-ல் பெர்லினில் ஹெர்மன் ஸேகர் உருவாக்கிய யுக்தி, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மீட்டரின் கம்பி தான் இருக்கும் ஒரு புள்ளியின் சூட்டைத்தான் சொல்லும். கோன் சொல்வது வேறு: எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், இரண்டும் சேர்ந்து மண்ணுக்கு என்ன செய்தது என்பது. அதனால்தான் மெதுவாக ஏற்றினால் குறைந்த டிகிரியிலேயே அதே கோன் சாயும். என் வீட்டில் நான் கோனே வைத்ததில்லை. மீட்டர் இருக்கிறதே என்ற நம்பிக்கை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பற்றவைத்தோம். முதல் இரண்டு மணி நேரம் சின்னத் தீதான். 573 டிகிரியில் மண்ணில் உள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரியும். அந்த இடத்தை அவசரமாகத் தாண்டினால் பானை விரிசல் விடும்.

மதியம் வாக்கில் ஒரு சிக்கல். இடது பக்க பர்னர் இரண்டும் சோர்ந்தன. நான் பர்னர் வாயில்தான் அடைப்பு என்று நினைத்தேன். அக்காவுக்கு உதவியாக இருக்கும் அண்ணன் நேராக சிலிண்டரிடம் போனார். 19 கிலோ வணிக சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் தனித்தனியாக இணைத்திருந்தன. இடது சிலிண்டரின் கீழ்ப்பாதியில் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், ஃப்ரீசரில் சுரண்டுவது போலவே வந்தது. உள்ளே திரவமாக இருக்கும் கேஸ் ஆவியாகும்போது சிலிண்டரின் சூட்டையே உறிஞ்சிக்கொள்கிறது. மலைக் குளிரில் அந்தச் சூடு திரும்பக் கிடைக்காமல் அழுத்தம் இறங்கிவிடுகிறது. ஒரு பக்கம் சோர்ந்தால் சூளை முழுக்கக் கோணல். அண்ணன் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி சிலிண்டரை உள்ளே நிறுத்தினார். பத்து நிமிடத்தில் தீ பழையபடி நிமிர்ந்தது. இனிமேல் எல்லா சிலிண்டரையும் ஒரே குழாயில் சேர்த்துவிட வேண்டும் என்று அக்கா சொல்லிக்கொண்டார்.

மலைக்கு இன்னொரு குணமும் உண்டு. இங்கே கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரம். காற்று கீழே இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்குதான். மதுரையில் நீலமாக எரியும் பர்னர் இங்கே அதே திறப்பில் புகையும். காற்றுத் துவாரத்தை அகலத் திறந்து, புகைபோக்கியையும் உயர்த்திக் கட்டித்தான் சரிக்கட்டியிருக்கிறார். கீழ்நாட்டுக் கணக்கு அப்படியே மலை ஏறாது.

900 டிகிரி தாண்டியதும் டேம்பரை உள்ளே தள்ளினார். காற்றுப் பற்றாமல் தீ தவித்து, பார்வைத் துளை வழியாக நாக்கு நீட்டியது. கிளேஸில் இருக்கும் இரும்பிலிருந்து ஆக்ஸிஜனைத் தீயே பிடுங்கிக்கொள்வதால்தான் அக்காவின் ஜாடிகளுக்குப் பச்சை நிறம் வருகிறது. அப்போதுதான் கறுப்பு-சிவப்புப் பானைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. இதே பழனி மலையின் அடிவாரத்தில், பொருந்தலில், பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் தோண்டியபோது ஈமக்குழியில் நெல் நிறைந்த பானை கிடைத்தது. அந்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று வந்தது. அப்படிப்பட்ட குழிகளில் தமிழ்நாடு முழுக்கக் கிடைக்கும் கலங்கள் உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. கவிழ்த்து வைத்துச் சுட்டதால் உள்பக்கத்துக்குக் காற்றுக் கிடைக்கவில்லை என்பதுதான் பொதுவாகச் சொல்லும் விளக்கம். ஒரே கலத்தில் இரண்டு விதமாகத் தீயை நடத்தியிருக்கிறார்கள், மீட்டரும் கிடையாது கோனும் கிடையாது. அதைச் சொல்லும்போது அக்காவின் குரலில் ஒரு பெருமை இருந்தது. எனக்கும்தான்.

இரவு பத்தரை. வெளியே மூடுபனி, கூரையிலிருந்து சொட்டுச் சத்தம். அக்கா வெல்டிங் கறுப்புக் கண்ணாடியை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். மேல் துளையில் வெளிர் மஞ்சள். 9 படுத்துவிட்டது, 10 தலை குனிய ஆரம்பித்திருந்தது. கீழ்த் துளையில் ஆரஞ்சு. அங்கே 9 இன்னும் விறைப்பாக நின்றது. என் வீட்டுக் கதை அப்படியே கண் முன்னால். நானாக இருந்தால் கீழே வேகட்டும் என்று கேஸை இன்னும் திறந்திருப்பேன்.

அக்கா கேஸைக் குறைத்தார். டேம்பரை ஒரு விரல் அளவு வெளியே இழுத்தார். இந்தச் சூளையில் டேம்பரை இழுத்தால் தீ கீழே இறங்கும் என்பது அவர் பல சூளை போட்டுக் கண்டுகொண்டது. அப்புறம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏத்திக்கிட்டே போனா மேல எப்பவும் முன்னாடிதான் ஓடும், கீழ துரத்திக்கிட்டே இருக்கும். ஏத்துறதை நிறுத்து, அது வந்து சேரும். பிரியாணிக்குத் தம் போடுற மாதிரிதான்."

திண்டுக்கல் மாவட்டத்தில் இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. மானாமதுரையில் வேளார் வீட்டுச் சூளையைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. பானைகளின் மேல் வைக்கோல் மூடி, சேறு மெழுகி, உள்ளே கனல் தானாக ஊர விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அன்றைக்கு அதை வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அதுதான் வேலையே.

முக்கால் மணி நேரம் ஆனது. "இப்பப் பாரு" என்றார்.

கீழ்த் துளையில் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. ஜாடிகள் இல்லை, தட்டுகள் இல்லை, கோனும் இல்லை. ஒரே வெளிச்சம், ஒரே மஞ்சள், மூலை முடுக்கெல்லாம். பயந்துபோய் அக்காவைப் பார்த்தேன். அவர் சிரித்தார். சுவரும் பானையும் ஒரே சூட்டுக்கு வந்துவிட்டால் எல்லாம் ஒரே அளவு ஒளிரும், அப்போது எது விளிம்பு, எது சுவர் என்று கண்ணுக்குப் பிரித்துத் தெரியாது. உருவம் தெரிகிறதென்றால் எங்கோ சூடு வித்தியாசம் இருக்கிறது என்று அர்த்தம். அக்கா நீளமான ஊதாங்குழலைத் துளைக்கு நேராகப் பிடித்து மெல்ல ஊதினார். அந்தக் காற்றில் கோன்கள் ஒரு நொடி குளிர்ந்து, கோடு போட்டதுபோல வெளியே வந்தன. 10 வளைந்து நுனி தொட்டிருந்தது. அடுத்த நொடி மறுபடி வெளிச்சத்துக்குள் கரைந்துவிட்டன. நான் நாலு தடவை ஊதச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன்.

பதினொன்றரைக்குக் கேஸை அடைத்து, டேம்பரை மூடி, துளைகளைச் செங்கல்லால் அடைத்தோம். ஞாயிறு முழுக்கச் சூளையைத் தொடவில்லை. நான் மட்டும் இரண்டு முறை போய்க் கதவில் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

திங்கள் காலை எட்டு மணிக்குத் திறந்தார். மூன்று கோன் பட்டைகளையும் திண்ணையில் வரிசையாக வைத்தார். மேலே இருந்ததில் 11 லேசாகத் தலையசைத்திருந்தது, நடுவிலும் கீழும் 10 சரியாகப் படுத்திருந்தது. அடித்தட்டு ஜாடியின் கழுத்து மடிப்பில் கிளேஸ் தேங்கி, பாசி படிந்த சுனைத் தண்ணீர் போல ஒரு பச்சை. தட்டுகளில் ஒரு சொட்டுகூட வழியவில்லை.

கடைசியாக இடது பின் மூலையிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் பளபளப்பு, மறு பக்கம் கொஞ்சம் மங்கல். எனக்கு அவர் சொல்லும்வரை தெரியவே இல்லை. எண்ணெய்க் கறை படிந்த நோட்டைத் திறந்து அன்றைய தேதிக்குக் கீழே எழுதினார்: "இடது பின் மூலை அரை கோன் குறைவு. சிலிண்டர் சோர்ந்தது காரணமா? அடுத்த முறை அங்கே இரண்டு விரல் கூடுதல் இடைவெளி."

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அந்த நோட்டைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தேன்.