மானஸ்தர்கள் கூப்பிட்டால் அடிக்காத போன்

பட்டுக்கோட்டையில் இருக்கும் பெரியப்பா, தன் பேத்தியின் கல்யாணப் பத்திரிகையைத் தஞ்சாவூரில் இருக்கும் என் மாமனாருக்குத் தபாலில் அனுப்பிவிட்டார். கூடப்பிறந்த தம்பிக்குப் பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கொடுக்காமல் தபாலில் அனுப்பினால் என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மாமனார் அன்று இரவு சாப்பிடவில்லை. அத்தை கணக்குப்படி ரெண்டு தோசைதான்.

பெரியவர் தரப்பில் விசாரித்தால் அங்கேயும் நியாயம் இருந்தது. "வீட்டுல இருக்கானான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். மணி முழுசா அடிச்சு ஓயுது. என் நம்பரைப் பாத்துட்டு எடுக்காதவன் வாசப்படிய நான் ஏறணுமா?" ஸ்விட்ச் ஆஃப் என்று வந்திருந்தால்கூட மன்னித்திருப்பார். ரிங் போயும் எடுக்கவில்லை என்பதற்கு நம் குடும்பங்களில் மன்னிப்பே கிடையாது.

"போன் அடிக்கவே இல்ல மாப்ளே" என்று மாமனார் சத்தியம் செய்தார். போனில் மிஸ்டு கால் வரிசையாக நிற்கிறது, சத்தம் மட்டும் கேட்கவில்லையாம். கேஸ் சிலிண்டர்காரர் வாசல்வரை வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். ஆனால் ஏலச்சீட்டுக்காரர் கூப்பிட்டால் தவறாமல் அடிக்கிறது. கைமாத்து கேட்கும் பழைய சிநேகிதர் கூப்பிட்டாலும் அடிக்கிறது. என் மனைவி கூப்பிட்டாலோ முதல் ரிங்கிலேயே எடுத்துவிடுகிறார். அதனால் அவள் தீர்ப்பு எளிமையானது: "போன்ல ஒண்ணும் இல்ல. எங்கப்பாவப் பிடிக்காதவங்க கிளப்பிவிடறது."

முதலில் சந்தேகம் விழுந்தது போன் மேல் அல்ல, காது மேல். காது டாக்டரிடம் அழைத்துப் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். விடாமல் அமுக்கினார். "இந்த வயசுக்கு இப்படி ஒரு காதா!" என்று டாக்டர் வியந்தார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும்தான் கேட்டார்: "அப்ப இத்தனை வருஷமா நான் சொன்னதெல்லாம் கேட்டுச்சா?"

அடுத்து மொபைல் கடை. கடைப் பையன் தன் போனிலிருந்து கூப்பிட்டான், அடிக்கவில்லை. ஊசியால் குத்தி சிம்மை வெளியே எடுத்து, சட்டையில் துடைத்து, திரும்பப் போட்டுக் கூப்பிட்டான். கடையே அதிரும்படி அடித்தது. "சிம்முல தூசி சார். நூறு ரூபா." மறுநாள் பழையபடி.

பெங்களூரிலிருந்து மச்சான் வந்தான். ஐ.டி. ஆள். நிச்சயம் யாரோ கால் ஃபார்வர்டிங் போட்டிருக்கிறார்கள், மோசடிக் கும்பலின் வேலை என்றான். அது வெறும் கற்பனை இல்லை. ஸ்டார், ஹேஷ் போட்டு ஒரு எண்ணை அமுக்கச் சொல்லி, நமக்கு வரும் அழைப்புகளைத் தங்கள் பக்கம் திருப்பிவிடும் திருட்டு நடந்ததால்தான், அந்த வழியில் ஃபார்வர்டு செய்யும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. ஆனால் அழைப்பு வேறு எண்ணுக்குத் திரும்பிப் போயிருந்தால் இவர் போனில் மிஸ்டு கால் ஏன் விழுகிறது? கேட்டேன். மச்சான் பதில் சொல்லாமல் செட்டிங்ஸுக்குள் போனான். தன் போனிலிருந்து கூப்பிட்டான், அடிக்கவில்லை. 4ஜி வழியாகப் பேசவைக்கும் வோல்ட்டியை அணைத்து மறுபடி போட்டான். கூப்பிட்டான், அடித்தது. "நெட்வொர்க் செட்டிங்தான் பிரச்சினை, முடிஞ்சது" என்று காபி கேட்டான்.

சாயங்காலம் மாமனாரின் தங்கை கூப்பிட்டபோது அடிக்கவில்லை. பக்கத்துத் தெருதான். நேரே கிளம்பி வந்து, போனுக்குப் பழனி விபூதி பூசி, அங்கேயே நின்று தன் போனில் மறுபடி கூப்பிட்டார். அடித்தது. மச்சான் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆக, சிம் துடைத்தாலும் சரியாகிறது, வோல்ட்டியைத் தட்டினாலும் சரியாகிறது, விபூதிக்கும் சரியாகிறது. மறுநாள் எதுவுமே வேலை செய்வதில்லை. மாடியில் குடியிருப்பவர்களின் மகள் காலேஜில் படிக்கிறாள். துணி எடுக்க வந்தவள் இந்தக் கூத்தையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ஒரே ஆள் ரெண்டாவது தடவ கூப்பிட்டா மட்டும் அடிக்குதா அங்கிள்?"

அதேதான்! டூ நாட் டிஸ்டர்ப் போட்டுக் கிடந்திருக்கிறது. லீவுக்கு வந்த பேரன், கேம் ஆடும்போது நடுவில் அழைப்பு வந்து கெடுக்கிறது என்று தட்டிவிட்டு, அப்படியே ஊருக்குப் போய்விட்டான். அந்த நிலையில் போன் சத்தம் போடாது. ஆனால் ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் மறுபடி அழைப்பு வந்தால், ஏதோ அவசரம் என்று எடுத்துக்கொண்டு மணியடிக்க விடும். ஐபோனிலும் இந்த ஏற்பாடு உண்டு, அங்கே 3 நிமிடம். கடைப் பையன், மச்சான், மாமனாரின் தங்கை மூன்று பேரும் வைத்தியம் பார்த்தது முதல் அழைப்புக்கும் இரண்டாவது அழைப்புக்கும் நடுவில். சும்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாலும் அடித்திருக்கும்.

இதைக் கண்டுபிடித்தவருக்கு நம் சொந்தபந்தம் பற்றி எதுவும் தெரியாது என்பது என் எண்ணம். அவசரக்காரன் இரண்டு தடவை கூப்பிடுவான் என்று கணக்குப் போட்டிருக்கிறார். இங்கே இரண்டாவது தடவை கூப்பிடுகிறவர் பணம் கேட்பவர். பெரியப்பா மாதிரி மானஸ்தர்கள் ஒரு தடவைதான் கூப்பிடுவார்கள், அதுவும் யோசித்துவிட்டு. வேண்டியவர்களை எல்லாம் வாசலில் நிறுத்தி, சீட்டுக்காரரை மட்டும் அந்தப் போன் உள்ளே விட்டுக்கொண்டிருந்தது.

திரையின் மேல் ஓரத்தில், வட்டத்துக்குள் ஒரு கோடு போட்ட அடையாளம் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. மாமனார் ரிட்டயர்டு பஸ் டிரைவர். "நோ என்ட்ரி போர்டு உங்களுக்கே தெரியலையா தாத்தா?" என்று அந்தப் பெண் கேட்டது கொஞ்சம் அதிகம்தான்.

பட்டுக்கோட்டை விவகாரத்தைப் போனில் பேசித் தீர்க்க முடியாது என்று மாமனாரே நேரில் போனார். தட்டு, வெற்றிலை பாக்கோடு பத்திரிகை இரண்டாம் முறை வந்து சேர்ந்தது.

மிச்சம் இருந்தது ஒன்றுதான்: என் மனைவியின் அழைப்பு மட்டும் எப்படி முதல் ரிங்கிலேயே போனது? ஸ்டார் போட்டு வைத்த எண்களுக்கு அந்தத் தடை கிடையாது என்று மாடிப் பெண் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் பட்டியலையும் திறந்து காட்டினாள். மகள், மகன், அப்புறம் டீக்கடை.

"ஏங்க, என் நம்பர் எங்க?" என்றார் அத்தை.

"நீ வீட்டுலதான இருக்க, உனக்கு எதுக்கு ஸ்டாரு?"

"டீக்கடைக்கு எதுக்கு?"

மாமனாருக்குத் திடீரென்று காது கேட்கவில்லை. சீட்டாட்டத்துக்கு ஒரு கை குறைந்தால் ஆள் கூப்பிடுவது அந்த டீக்கடையிலிருந்துதான் என்பதை மச்சான்தான் போட்டு உடைத்தான். அத்தை போனை வாங்கி, அந்தப் பெண்ணிடம் கேட்டுக் கேட்டு, தன் பெயருக்கு ஸ்டார் போட்டுக்கொண்டார். டீக்கடையை என்ன செய்தார் என்று தெரியாது. அன்றிலிருந்து அந்த எண்ணிலிருந்து எத்தனை தடவை கூப்பிட்டாலும் அடிப்பதில்லையாம்.