தூக்குறேன் என்றால் எப்போது?

மணலி, திருவொற்றியூர் பக்கத்துக் கண்டெய்னர் யார்டுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. "லாக் எடுத்தாச்சா?" என்று கிரேன் கேபினிலிருந்து வாக்கி டாக்கியில் கேள்வி. "ஓகே" என்று கீழே நிற்கும் சிக்னல் ஆளின் பதில். கேள்வி காதில் விழுந்ததற்கு ஓகேவா, நாலு லாக்கும் திறந்துவிட்டதற்கு ஓகேவா? ட்ரெய்லரின் நாலு மூலையிலும் பெட்டியைப் பிடித்துக்கொள்ளும் திருகு பூட்டு, அதாவது ட்விஸ்ட் லாக் உண்டு. ஒன்று மாட்டிக்கொண்டிருந்தாலும் பெட்டியோடு ட்ரெய்லரும் ஒருபக்கமாகக் கிளம்பும். டிரைவர் உள்ளேயே உட்கார்ந்திருப்பார்.

1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு. மூடுபனியில் பான் ஆம் விமானம் ஓடுபாதையில் ஊர்ந்துகொண்டிருந்தது. அதே ஓடுபாதையின் முனையில் நின்ற கேஎல்எம் விமானத்துக்குக் கிடைத்தது, மேலெழுந்த பின் எந்த வழியாகப் போக வேண்டும் என்ற அனுமதி மட்டும்தான். ஆனால் அதற்குள் 'டேக் ஆஃப்' (மேலெழுதல்) என்ற சொல் இருந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, "இப்போது டேக் ஆஃபில் இருக்கிறோம்" என்று முடித்தார். கிளம்பத் தயாராக நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டாளர் எடுத்துக்கொண்டார். விமானமோ ஓடத் தொடங்கியிருந்தது. அவர் "ஓகே" என்று சொல்லி, சற்று விட்டு, "காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்" என்றார். அந்நேரம் பான் ஆமும் பேச, இரண்டு குரலும் மோதிக் கீச்சொலியானது. கேஎல்எம்முக்குத் தெளிவாகக் கேட்டது அந்த ஓகே மட்டும். ஓடுபாதையிலேயே இரண்டு விமானங்களும் மோதின. இறந்தவர்கள் 583 பேர்.

நம் கிரேன் ஆபரேட்டர் சொல்லும் "தூக்குறேன்" அந்தத் துணை விமானியின் வாக்கியத்துக்குச் சமம். தூக்கிக்கொண்டிருப்பதும் அதுதான், தூக்கப்போவதும் அதுதான். "தூக்காதே" அதைவிட ஆபத்து. தமிழில் மறுப்பு சொல்லின் வாலில் இருக்கிறது. பட்டனிலிருந்து விரல் கொஞ்சம் முந்தி எடுபட்டால் வால் அறுந்து "தூக்கு" என்றே காதில் விழும். விமானத் துறையில் இன்று 'டேக் ஆஃப்' என்ற சொல் கிளம்ப அனுமதிக்கவும் அந்த அனுமதியை ரத்து செய்யவும் மட்டுமே. மற்றபடி 'டிபார்ச்சர்' (புறப்பாடு). யார்டிலும் 'தூக்கு' தூக்குவதற்கு மட்டும் இருக்கட்டும். வேண்டாம் என்றால் "நிறுத்து, நிறுத்து". சுமை தூக்கி இறக்கும் பழைய கலாசித் தொழிலாளர்கள் ஏற்ற 'ஹபீஸ்', இறக்க 'ஆரியா' என்பார்கள். எவ்வளவு இரைச்சலிலும் ஒன்று இன்னொன்றாகக் கேட்காது. அந்த வழக்கம் தேய்ந்துபோனது பெரிய இழப்பு.

விமான ரேடியோ ஏஎம் என்ற ஒலிபரப்பு முறையில் இயங்குகிறது. இருவர் சேர்ந்து பேசினால் கீச்சொலியாவது வரும், ஏதோ தவறியது என்று புரியும். நம் வாக்கி டாக்கி எஃப்எம் என்ற வேறு முறை. பலமான சிக்னல் மற்றதைச் சுவடில்லாமல் விழுங்கிவிடும். கிரேனடியில் ஒருவர் "தூக்கு" என்னும்போது, பெட்டி அடுக்குக்கு அப்பாலிருந்து "நிறுத்து" என்றவர் தன் குரல் போய்ச் சேர்ந்ததாகவே நினைத்துக்கொண்டிருப்பார். பதில் வராத "நிறுத்து" சேரவில்லை என்றே கொள்ள வேண்டும்.

பட்டனை அழுத்தி ஒரு விநாடி விட்டுப் பேசினால் முதல் அசை வெட்டுப்படாது. முதலில் கிரேன் நம்பர், பிறகு செய்தி: "மூணாம் நம்பர், நாலு லாக்கும் திறந்தாச்சு, தூக்கு." ஆபரேட்டர் அதையே முழுசாகத் திருப்பிச் சொல்ல வேண்டும், ஓகே கூடாது. அரை அடி தூக்கி நிறுத்தணும். நாலு மூலையிலும் பெட்டிக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று சிக்னல் ஆள் குனிந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் மேலே.