கொக்கை விரிப்பது எப்படி: டிஸ்ப்ளாயென் அட்டை, மூன்றாவது முயற்சி

இரண்டாவது முறையாக அந்த அட்டையைக் கிழித்துப் போட்டேன். இடைக்கால ஆங்கில வினை ஒன்றுக்கு ஒரு அட்டை, அதில் அதற்கான தமிழ்ச் சொல், ஒரு அட்டைக்கு ஒரு சாயங்காலம் என்று ஆரம்பித்த வேலை. எண்பது அட்டை வரை பெரிய தகராறு இல்லாமல் ஓடியது. டிஸ்ப்ளாயென் (இன்றைய டிஸ்ப்ளே) மட்டும் பதினாறு நாளைத் தின்றுவிட்டு இன்னும் பென்சிலில்தான் நிற்கிறது.

முதல் தப்பு என்னுடையது. 'விரி' என்று ஒரே சொல்லை எழுதி முடிக்கப் பார்த்தேன். எழுதி முடித்து அடுக்கில் வைக்கப் போனால், ஸ்ப்ரேடென் (இன்றைய ஸ்ப்ரெட்) அட்டையிலும் அதே 'விரி' உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பொருள் என்றால் இரண்டு அட்டை எதற்கு?

ஸ்ப்ரேடென் பழைய ஆங்கிலத்திலிருந்தே வரும் வீட்டுச் சொல். ஜெர்மனில் ஷ்ப்ரைட்டன் அதன் பங்காளி. கிளை, துணி, இறக்கை, ஊர்ப்பேச்சு என்று எது பரவினாலும் அதைப் போடலாம். டிஸ்ப்ளாயென் 1300-ஐ ஒட்டி பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்த சொல். அதன் அடியில் இருப்பது லத்தீன் ப்ளிகாரே, அதாவது மடித்தல். முன்னால் டிஸ் சேர்ந்ததும் மடிப்பைப் பிரித்தல் ஆகிறது. அட, வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. பரப்புவதற்குக் கையில் ஏதாவது இருந்தால் போதும். பிரிப்பதற்கு அது முதலில் மடிந்திருக்க வேண்டும், சுருண்டிருக்க வேண்டும். அதனால்தான் இந்த வினை ஆரம்பத்தில் கொடியோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் வீரன் கதையில் ஏதென்ஸின் தலைவன் தீசியஸ் தீப்ஸ் நகரை நோக்கிக் கிளம்பும் இடம்: 'ஹிஸ் பானர் ஹீ டெஸ்ப்ளாயெத், அண்ட் ஃபோர்த் ரோட்'. கொடியை அவிழ்த்தான், புறப்பட்டான், அவ்வளவுதான். கொடி விரிந்துவிட்டால் போர் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சொந்த அரசனுக்கு எதிராக விரித்த கொடியோடு போனால் அது ராஜத் துரோகம். 1322-ல் பரோபிரிட்ஜில் தோற்றுப் பிடிபட்ட லங்காஸ்டர் பிரபு தாமஸ் மேல் சுமத்திய குற்றங்களில் இதுவும் ஒன்று. ஒரு வினைச்சொல் ஆள் கழுத்துக்கே வரும் என்று அந்த அட்டையின் ஓரத்தில் சின்னதாக எழுதி வைத்தேன்.

ஆபீஸில் தினமும் காதில் விழும் டிப்ளாயும் இதே பிரெஞ்சு வினைதான். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் படைத்துறைச் சொல்லாக இரண்டாம் தடவை வந்து இறங்கியது. முதல் தடவை வந்தது திரை ஆகிவிட்டது, இரண்டாவது சர்வரில் மென்பொருள் ஏற்றப் போய்விட்டது.

இதுவரை சுகம். சிக்கல் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தது.

1508-ல் லண்டனில் விங்கின் ட வோர்ட் அச்சிட்ட ஒரு சின்ன நூல், பிரபுக்கள் வீட்டில் இறைச்சி அறுத்துப் பரிமாறுகிறவர்களுக்கானது. அதன் தொடக்கத்தில் எந்தப் பிராணிக்கு எந்த வினை என்று ஒரு பட்டியல். மானை 'உடை', அன்னத்தைத் 'தூக்கு', முயலின் 'கட்டை அவிழ்', மயிலை 'உருக்குலை'. பாதி வேலை, பாதி ஜம்பம் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தப் பட்டியலில் 'டிஸ்ப்ளாய் தாட் க்ரேன்' என்று கொக்கு வருகிறது. கொஞ்சம் கீழே மீன்களுக்கு வந்ததும் 'ஸ்ப்ளாய் தாட் ப்ரீம்'. ஒரே நூல், ஒரே பட்டியல், கொக்குக்கு முழு வினை, மீனுக்குத் தலை போன வினை.

தலை போவது புதிதல்ல. டிஸ்போர்ட் தேய்ந்து ஸ்போர்ட் ஆனதும், டிஃபென்ஸ் தேய்ந்து ஃபென்ஸ் ஆனதும் இந்த அடுக்கிலேயே இருக்கின்றன. ஆனால் தேய்ந்த பிறகு அது அதே சொல்லா, வேறு சொல்லா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பெரிய இடைக்கால ஆங்கில அகராதி (முதல் பகுதி 1952, கடைசிப் பகுதி 2001, அவர்களுக்கே அரை நூற்றாண்டு ஆனதை நினைத்து நான் ஆறுதல் அடைவதுண்டு) இரண்டையும் தனித்தனித் தலைச்சொல்லாக வைத்திருக்கிறது. இது தெரியவே எனக்கு இரண்டு நாள் ஆனது. அதன் தேடும் பெட்டியில் சொல்லின் நடுவே ஒய் எழுத்தைப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். தலைச்சொல்லில் இருப்பது ஐ. இத்தனை அட்டை எழுதியவனுக்கு இது வெட்கக்கேடு.

முதல் அட்டையில் இரண்டையும் சேர்த்தேன், பொருள் குழம்பியது. இரண்டாம் முயற்சியில் பிரித்தேன், கொக்கு நடுவில் தொங்கியது. மீனுக்குப் பிரச்சினை இல்லை. ப்ரீம் தட்டையான மீன், கீறித் திறந்தால் புத்தகம் மாதிரி விரிந்துகொள்ளும். ஆனால் கொக்கை எப்படி விரிப்பது? (நம் வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு இல்லை. சாரசக் கொக்கின் சாதி, ஆள் இடுப்புக்கு மேல் உயரம்.) இறக்கையை விரிப்பதா, காலை விரிப்பதா? அறுக்கும் முறை சொல்லும் பகுதி, முதலில் இறக்கையைத் தூக்கு, நெஞ்சில் இருக்கும் ஊதுகுழலைப் பார்த்து நடந்துகொள் என்கிறது. ஊதுகுழல் என்றது மூச்சுக்குழாயை. இந்தப் பறவைக்கு அது மார்பெலும்புக்குள் போய்ச் சுருண்டு கிடக்கும். தூரத்துக்குக் கேட்கும் அந்தக் கூவல் அங்கிருந்துதான். கத்தி தெரியாமல் இறங்கினால் அதில் போய் மாட்டும். ஆனால் அடுத்த நூற்றாண்டுச் சமையல் நூல்கள் இதே கட்டளையின் கீழ், முதலில் காலின் மடிப்பை எடு, பிறகு இறக்கையை மூட்டில் அறு என்கின்றன. மடிப்பை எடு! லத்தீனில் இருந்தது, சொல் ஆங்கிலத்துக்கு வந்து மூன்று நூற்றாண்டுக்குப் பிறகும் சமையல்கட்டில் உயிரோடு இருக்கிறது. அந்த இடத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஒரு சுற்று நடந்தேன்.

ஆக இப்போதைய முடிவு: டிஸ்ப்ளாயெனுக்கு 'மடிப்பு நீக்கி விரி', ஸ்ப்ளாயெனுக்கு 'பிளந்து விரி', ஸ்ப்ரேடெனுக்குப் 'பரப்பு'. அகராதி சொன்னபடி தனி அட்டைகள். முழு நிம்மதி இல்லை. பட்டியலில் பைக் மீனுக்கு 'ஸ்ப்ளாட்' என்று இன்னொரு பிளக்கும் வினை இருக்கிறது. ப்ரீமின் ஸ்ப்ளாய் அதன் பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டதோ என்று சந்தேகம். அதனால்தான் இன்னும் பென்சில்.

பென்சிலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வழக்கமாக வாங்கும் கடையில் கெட்டி அட்டை தீர்ந்துவிட்டது என்று வேறொன்றைத் தலையில் கட்டினார்கள். பேனா பட்டதும் ஒவ்வொரு எழுத்தும் பூரான் மாதிரி கால் முளைத்து நிற்கிறது. 'பரப்பு' என்று எழுதினால் அது நிஜமாகவே பரவுகிறது. இருநூறு அட்டை, திருப்பி எடுக்க மாட்டார்களாம். ஜெல் பேனாவில் பரவாயில்லை என்கிறார்கள், எனக்கு ஜெல் பேனா ஆகாது.

சாசரின் மில்லர் கதைக்குள் வேறு கால் வைத்துவிட்டேன். அப்சலனின் சுருட்டை முடி விசிறி மாதிரி அகன்று நிற்கும் இடத்தில் அவர் போடும் வினை ஸ்ட்ரூட்டென், இன்றைய ஸ்ட்ரட்டின் பாட்டன். அன்று முடி விரைத்து விரிந்து நின்றது, இன்று ஆள் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறான். அதற்குப் 'புடைத்து விரி' சரிவருமா என்று பார்க்க வேண்டும். கொக்கு முடிகிற வரை அதைத் தொடக் கூடாது என்று இருந்தேன். நேற்று ராத்திரியே ஒரு அட்டை எடுத்துவிட்டேன்.