பிட்ஸ்பர்க் போனால் கோயிலோடு திரும்பிவிடாதீர்கள்

அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு பிட்ஸ்பர்க் என்றால் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோயில்தான். நியூ ஜெர்சியிலிருந்து ஆறு மணி நேரம் கார் ஓட்டிப் போய், பெருமாளைச் சேவித்து, கேன்டீனில் புளியோதரை சாப்பிட்டு, வந்த ஹைவேயிலேயே திரும்பிவிடுவார்கள். ஒரு ராத்திரி தங்கி ஊரையும் பாருங்கள், பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

1950-இல் ஆறே முக்கால் லட்சம் பேர் இருந்த நகரம் இது. இப்போது சுமார் மூன்று லட்சம். ஆலைப் புகையில் பட்டப்பகலில் தெருவிளக்கு போட்டுக்கொண்டு நடந்த காலமெல்லாம் உண்டு, அப்புறம் எண்பதுகளில் எஃகு ஆலைகள் வரிசையாக மூட, வேலை தேடி ஜனங்கள் கிளம்பிவிட்டார்கள். இன்றைக்கு ஊருக்குச் சோறு போடுவது ஆஸ்பத்திரிகளும் பல்கலைக்கழகங்களும் ரோபோ கம்பெனிகளும். ஊரிலேயே உயரமான 64 மாடிக் கட்டடத்துக்குப் பெயர் யு.எஸ். ஸ்டீல் டவர், ஆனால் உச்சியில் எரிகிற பெரிய எழுத்துகள் யு.பி.எம்.சி. என்ற மருத்துவமனைக் குழுமத்துடையவை.

சாயங்காலம் டுகேன் இன்க்ளைனில் ஏறுங்கள். நம்ம பழனி விஞ்ச் மாதிரிதான், 1877-இலிருந்து ஓடுகிறது, உள்ளே பழைய மரவேலைப்பாடு அப்படியே இருக்கிறது. மலைமேல் குடியிருந்த தொழிலாளர்கள் கீழே ஆலைக்கு இறங்கி ஏறுவதற்காக இப்படிப் பல போட்டிருந்தார்கள், மிஞ்சியவை இரண்டு. மேலே நின்றால் அலெகெனியும் மோனங்ககேலாவும் கூடி ஒஹையோ ஆறாகும் இடமும், மஞ்சள் பாலங்களும் ஒரே பார்வையில் கிடைக்கும். எல்லோரும் போட்டோ எடுக்கிற இடம், நீங்களும் எடுங்கள், தப்பில்லை.

ஆனால் என்னைக் கேட்டால் இந்த ஊருக்கு வருவதே கேரி ஊதுலைகளுக்காகத்தான். ராங்கின் பக்கம் ஆற்றங்கரையில் 92 அடி உயரத்தில் துருப்பிடித்து நிற்கும் இரண்டு உலைகள், 1907-இல் கட்டி 1978 வரை ஓடியவை. இரும்புத்தாது, கோக் என்கிற சுட்ட நிலக்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றையும் தலைவழியாகக் கொட்டி, கீழிருந்து சூடான காற்றை ஊதி, அடியில் துளையைத் திறந்தால் உருகிய இரும்பு மணல் வாய்க்கால்களில் ஓடி வரும், அதை ரயிலில் ஏற்றிக் கொதிக்கக் கொதிக்கவே ஆற்றுப் பாலம் வழியாக எதிர்க்கரை ஹோம்ஸ்டெட் ஆலைக்கு அனுப்புவார்கள். பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பாகம் குறித்து மார்க் வாங்கிய அதே ஊதுலைதான், ஆனால் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போதுதான் அந்தச் சூட்டில் மனிதர்கள் ஷிப்ட் பார்த்தார்கள் என்பது உறைக்கிறது. மூடிக் கிடந்த காலத்தில், 1997 வாக்கில், சில கலைஞர்கள் திருட்டுத்தனமாக உள்ளே புகுந்து அங்கே கிடந்த குழாய்களையும் கம்பிகளையும் வைத்து சுமார் 40 அடிக்கு ஒரு மான் தலை செய்து வைத்துவிட்டுப் போனார்கள். அதுவும் இருக்கிறது. ரிவர்ஸ் ஆஃப் ஸ்டீல் என்ற அமைப்பு சுற்றிக் காட்டுகிறது, முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள், மூடிய ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த எதிர்க்கரை ஆலை 1986-இல் மூடியது. இப்போது அங்கே வாட்டர்ஃபிரண்ட் என்று ஒரு ஷாப்பிங் வளாகம், தியேட்டர், பெரிய பார்க்கிங். எந்த ஊரிலும் பார்க்கக்கூடிய கடைகள்தான், ஓரமாக வரிசையாய் நிற்கும் செங்கல் புகைபோக்கிகளை விட்டால் ஆலை இருந்த சுவடே இல்லை. புத்துயிர் கொடுத்தோம் என்று இதைச் சொன்னால் எனக்கு ஒப்பவில்லை. பக்கத்திலேயே பம்ப் ஹவுஸ் இருக்கிறது, 1892 ஜூலை 6-ஆம் தேதி ஆலை முதலாளி கார்னெகியின் கம்பெனி படகுகளில் இறக்கிய பிங்கர்டன் என்ற தனியார் காவல் நிறுவனத்து ஆட்களோடு வேலைநிறுத்தக்காரர்கள் மோதிய இடம், இரு பக்கமும் உயிர் போனது. கடைக்கு வருகிறவர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

ஹேசல்வுட்டில் இதைவிட நன்றாகச் செய்திருக்கிறார்கள். மில் 19 என்ற ஆலையின் எலும்புக்கூட்டை அப்படியே நிறுத்தி, உள்ளே புதுக் கட்டடம் எழுப்பி, கூரை முழுக்க சோலார் தகடு போட்டிருக்கிறார்கள், கார்னெகி மெலன் பல்கலைக்கழகக்காரர்களின் ரோபோ ஆராய்ச்சி அங்கேதான். அருகில் ஹாட் மெட்டல் பிரிட்ஜ், ஒரு காலத்தில் உருகிய இரும்பு போன பாலம், இப்போது அதில் சைக்கிளில் போகலாம்.

பிள்ளைகளோடு போனால் கார்னெகி மியூசியம் டைனோசர்கள். எஃகுப் பணத்தில் தோண்டியெடுத்த டிப்ளோடோகஸுக்கு கார்னெகி பெயரையே வைத்திருக்கிறார்கள், பணம் அப்படி. ஓவியர் ஆண்டி வார்ஹாலின் மியூசியம் ஏழு மாடி, பிடித்தவர்களுக்குப் பிடிக்கும், எனக்கு இரண்டு மாடி போதும்.

எஃகு முழுசாகப் போய்விடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோயிலிலிருந்து அதிக தூரமில்லாத பிராடக்கில் 1875-இல் தொடங்கிய எட்கர் தாம்சன் ஆலை இன்னும் ஓடுகிறது. ரோட்டிலிருந்தே பார்க்கலாம், உள்ளே விடமாட்டார்கள்.

குளிர்காலத்தில் கேரி சுற்றுலா கிடையாது, அதனால் மே மாதத்துக்கு அப்புறம் போவது நல்லது. டவுன்டவுனுக்குள்ளும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நார்த் சைடுக்கும் டிராம் இலவசம். ஊரின் அமெரிக்க ஃபுட்பால் அணியான ஸ்டீலர்ஸின் மேட்ச் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் தயவுசெய்து அந்தப் பக்கம் காரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.