கிராங்க் புல்லி போல்ட்டும் இரும்புக்கடை நட்டும்

நம்ம வண்டி 2001 ஹோண்டா சிட்டி 1.5, செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது. டைமிங் பெல்ட் (பிஸ்டனும் வால்வும் ஒரே தாளத்துல ஓட வைக்கற பெல்ட்) எப்ப மாத்துனீங்கன்னு பழைய ஓனர கேட்டா "அதெல்லாம் ஓடும் சார்"னாரு. ஓடும், அறுந்து போற வரைக்கும் ஓடும். இந்த என்ஜின்ல பெல்ட் அறுந்தா பிஸ்டன் மேல வந்து வால்வ இடிச்சு வளைச்சிடும், அப்புறம் என்ஜினோட மேல் பாகமான ஹெட்ட இறக்கணும், அந்த செலவுக்கு பயந்து நாமளே மாத்திடலாம்னு ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ஆரம்பிச்சேன்.

இடது முன் சக்கரத்த கழட்டி, உள்ள இருக்கற பிளாஸ்டிக் கவர எடுத்தா கிராங்க் புல்லி, அதாவது என்ஜினோட கிராங்க் தண்டு முனையில இருக்கற சக்கரம், மூஞ்சிக்கு நேரா நிக்குது. பெல்ட்ட மூடியிருக்கற கீழ் டைமிங் கவர் வரணும்னா புல்லி வரணும், புல்லி வரணும்னா நடுவுல இருக்கற அந்த ஒத்தை போல்ட்டு வரணும். அது வரல. ஸ்பேனர் போட்டா போல்ட்டோட சேந்து என்ஜினும் சுத்துது, கதை அவ்ளோதான்.

முதல்ல எல்லாரும் சொல்ற வழி. அஞ்சாவது கியர்ல போட்டுட்டு வீட்டுக்காரம்மாவ பிரேக் மிதிக்க சொன்னேன். ஹேண்ட் பிரேக் இதுக்கு உதவாது, அது பின் சக்கரத்தத்தான் பிடிக்கும், இது முன் சக்கரம் இழுக்கற வண்டி. முதல் கியர் போட்டா கெட்டியா பிடிக்கும்னு நினைப்போம், ஆனா முதல் கியர்ல நம்ம போடற பலம் பல மடங்காகி சக்கரத்துக்கு போகும், பிரேக்குக்குத்தான் கஷ்டம், அதனாலதான் அஞ்சு. சரின்னு சாக்கெட்ட திருப்பற நீள ராடுல நாலடி ஜி.ஐ. பைப்ப சொருகி தொங்குனேன், மெதுவா இறங்குச்சு, ஆஹா வந்துடுச்சுன்னு பாத்தா போல்ட்டு அப்படியே இருக்கு, புல்லியும் சேந்து கால் சுத்து நகந்திருக்கு. கிளட்ச் வழுக்குது! யோசிச்சு பாத்தா அதுல தப்பே இல்ல. இந்த என்ஜின் குடுக்கறதே 130 நியூட்டன் மீட்டர ஒட்டித்தான், கிளட்ச் அதுக்கு மேல கொஞ்சம் தாங்கற மாதிரிதான் இருக்கும். இதே டி-சீரிஸ் குடும்பத்து ஹோண்டா என்ஜின் போட்ட 96-2000 சிவிக்ல இந்த போல்ட்டுக்கு சொல்ற டார்க் (முறுக்கற பலம்) 181 நியூட்டன் மீட்டர். அது இறுக்கும்போது, இத்தன வருஷ துருவ சேத்தா கழட்ட அத விட எவ்ளோ கேக்கும்.

அப்ப பக்கத்து வீட்டு அண்ணா வந்து எட்டிப்பாத்தாரு. "ராட தரையில முட்டுக்குடுத்துட்டு ஒரு செல்ஃப் அடி தம்பி, பட்டுனு விட்டுடும், எங்க வண்டியில அப்படித்தான் கழட்டுனோம்"னாரு. பொய் இல்ல, நிறைய வண்டில விட்டுடும். ஆனா பழைய ஹோண்டா என்ஜின் புல்லி பக்கத்துல இருந்து பாத்தா கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமா சுத்தும், போல்ட்டு மரை சாதாரண மரைதான். ராடு போல்ட்ட பிடிச்சுக்க, கிராங்க் எதிர்ப்பக்கமா சுத்துனா போல்ட்டு கழலாது, இன்னும் இறுகும். எனக்கு இத அவருக்கு புரிய வைக்கவே ஒரு டீ நேரம் ஆச்சு, கடைசில டீ கிளாஸ கைல வெச்சு சுத்தி காமிச்சேன்.

உளிய வெச்சு புல்லி ஓரத்துல தட்டலாம்னு ஒரு மெக்கானிக் சொன்னாரு, அத நான் காதுலயே வாங்கல. புல்லியோட வெளி வளையத்துக்கும் உள் பாகத்துக்கும் நடுவுல ரப்பர் இருக்கு, அது பிச்சுக்கிச்சுன்னா புல்லியே புதுசு வாங்கணும்.

புல்லி நடுவுல ஒரு ஆறுமூலை குழி இருக்குல்ல, அது சும்மா அழகுக்கு இல்ல, புல்லி சுத்தாம பிடிக்கற ஹோண்டாகாரன் டூல் உக்கார்ற இடம். வெர்னியர் வெச்சு அளந்தேன், 50 மில்லி. எம்33 நட்டு, அதாவது 33 மில்லி போல்ட்டுக்கு போடற நட்டுக்கு எதிரெதிர் பக்க அளவு சரியா 50 மில்லி, உள் ஓட்டை 29 மில்லிய ஒட்டி, அதுக்குள்ள சாக்கெட் தாராளமா போகும். அந்த டூலுக்கு பதிலா ஒரு நட்டே போதும்னு தெரிஞ்சதும் சிரிப்பு வந்துடுச்சு.

கோயம்புத்தூர் உக்கடம் பழைய இரும்புக்கடையில போய் எம்33ன்னா யாருக்கும் புரியல, குவியல்ல உக்காந்து ஒவ்வொண்ணா அளந்தேன், ஏழாவதோ எட்டாவதோ நட்டு 50 காட்டுச்சு. எடை போட்டுத்தான் குடுத்தாங்க. வெல்டிங் பட்டறையில ரெண்டடி இரும்புப் பட்டைய கைப்பிடி மாதிரி அதுல ஒட்டி வாங்கிட்டேன், ஓட்டைய மறைக்காம ஒட்டுங்கண்ணான்னு மூணு தடவ சொன்னேன். முனை கொஞ்சம் டைட்டா இருந்துச்சு, அரத்துல ராவினதும் குழியில கச்சிதமா உக்காந்துச்சு.

வண்டி ஸ்டாண்டு மேல. பட்டைய முன் பம்பர் பக்கம் விட்டு கீழ மரக்கட்டை வெச்சேன், சாக்கெட்டுக்கும் ராடுக்கும் நடுவுல போடற எக்ஸ்டென்ஷன் தொங்காம இருக்க அதுக்கு அடியில இன்னொரு ஸ்டாண்டு, இது ரொம்ப முக்கியம், இல்லன்னா பாதி பலம் வளைக்கறதுலயே போயிடும். ராடையும் அதே பக்கம் நீட்டி பைப் போட்டு கீழ அமுக்குனேன். துப்பாக்கி வெடிச்ச மாதிரி "டக்"குனு ஒரு சத்தம், வீட்டுக்காரம்மா உள்ள இருந்து என்னங்க ஆச்சுன்னு ஓடி வந்தாங்க. ராடு உடஞ்சிடுச்சுன்னுதான் நானும் நினைச்சேன். போல்ட்டு! அப்புறம் புல்லிய ரெண்டு கையால ஆட்டி ஆட்டி இழுத்தா வந்துடுச்சு, கிராங்க்ல இருக்கற சாவி (புல்லி வழுக்காம பிடிக்கற சின்ன இரும்புத் துண்டு) எங்கயும் உருண்டு போகாம பாத்துக்கிட்டா போதும்.

பெல்ட் வேலைய முடிச்சு போல்ட்ட திருப்பி முறுக்கும்போது பட்டைய பின்பக்கம் மாத்தி முட்டுக்குடுக்கணும். என்கிட்ட டார்க் ரெஞ்ச் (எவ்ளோ பலம் போடறோம்னு காட்டற ஸ்பேனர்) கிடையாது. ராடு பைப்ல நடு போல்ட்டுலேந்து ஒரு மீட்டர அளந்து சாக்பீஸ்ல கோடு போட்டு, ஊருக்கு போகும்போது பெட்டி எடை பாக்கற கொக்கி தராச அங்க மாட்டி, பைப்புக்கு நேர் குறுக்கா இழுத்தேன். 181 நியூட்டன் மீட்டர்னா ஒரு மீட்டர்ல பதினெட்டரை கிலோ. தராசுல 18.5 வந்ததும் விட்டுட்டேன். அண்ணா இப்ப அந்த நட்டு பட்டைய அவங்க மச்சான் சிட்டிக்கு கேட்டு வாங்கிட்டு போயிருக்காரு, இன்னும் திரும்பி வரல.